மேட்டுப்பொட்டலார் மட்டி எடுக்கப் போனது

மேட்டுப்பொட்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கடலிலிருந்து அரைநாள் நடக்கிற தூரத்தில் என்று சொல்லலாம். கடலைப் பற்றி அந்த ஊருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். ஊரில் ஒரு குளம் உண்டு. அது பங்குனியில் வற்றும், ஐப்பசியில் நிரம்பும். தண்ணீர் என்றால் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்த ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். ஒருமுறை தபால்காரர், புளியமரத்தடியில் நின்ற பூவராகன் என்பவனைப் பார்த்து, கொஞ்சம் இங்கேயே நில், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். போன இடத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பூவராகனுக்குச் சோறு, தண்ணீர் எல்லாம் அந்தப் புளியமரத்தடிக்கே போனது. புதிதாக வந்த தபால்காரர், அவர்தான் நான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் பூவராகன் வீடு திரும்பினான். அப்போதும், ஆள் இளைத்துவிட்டீர்களே என்று விசாரித்தானாம்.

அந்த ஊர்ச் சடையாண்டிக்கு வாய்த்த பெண்டாட்டி நாகவல்லி. கடற்கரையில் கழிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பங்குனியில் அவள் முழுகாமல் இருந்தாள். வாயில் ஒரு பருக்கை வைத்தால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. கஞ்சி கொடுத்தார்கள், நிற்கவில்லை. மாதுளை கொடுத்தார்கள், அதுவும் நிற்கவில்லை. நாளாக ஆகக் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. சடையாண்டிக்கு மனசே சரியில்லை. அவள் வாந்தி எடுக்கும்போதெல்லாம் இவனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவான்.

பங்குனி பௌர்ணமியை ஒட்டி அவள் பிறந்த கழிக்குப்பத்தில் கடல் வெகுதூரம் வற்றும். ஊரே கூடை எடுத்துக்கொண்டு சேற்றுமணலில் இறங்கி மட்டி என்கிற சிப்பியைத் தோண்டும். பெண்டுபிள்ளைகள் எல்லாம் முழங்கால் வரைக்கும் சேறாக, சிரிப்பும் கூச்சலுமாக ஒரு திருவிழா மாதிரி இருக்கும். அந்த மட்டிக் குழம்பின் வாசனை மூக்கிலேயே நிற்கிறது, அது கிடைத்தால் ஒரு வாய் சோறு இறங்கும் என்று நாகவல்லி சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு வார்த்தை கூடவே போட்டாள்.

"மட்டி இல்லாம திரும்பி வந்தீங்கன்னா கதவத் தெறக்க மாட்டேன். ஆமா."

எந்தக் கதவு என்று சடையாண்டி கேட்டான். வீட்டில் இருப்பது ஒரு கதவுதான்.

தனியாகப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. மூன்று பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டான். ஒருவர் ஏகாம்பரம். நால்வரில் மூத்தவர். எப்போதோ கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போய் வந்தவர், அதிலிருந்து எதையும் விசாரித்துத் தீர்ப்பாகத்தான் சொல்வார். இன்னொருவன் மருதமுத்து. ரொம்ப இளகிய மனசு. மரத்திலிருந்து மாங்காய் விழுந்தால் அடிபட்டதா என்று தடவிப் பார்ப்பான். மூன்றாமவன் நம்முடைய பூவராகன். அவனுக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. மாட்டுக்குத் தீவனம் வெட்டுகிற மிஷினில் போய்விட்டது. இந்த விரல் சங்கதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுராத்திரி நிலா வெளிச்சத்தில் கிளம்பி, விடியும்போது கழிக்குப்பம் போய்ச் சேர்ந்தார்கள். நாகவல்லியின் அம்மா எல்லம்மாள் தலையில் மீன்கூடையோடு சந்தைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். மகள் நிலைமையைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் போய் எடுத்துக் கொடுக்க ஆசைதான். ஆனால் மீன் காத்திருக்காது. கருவாட்டுக்கு வைத்திருந்த உப்பில் ஒரு பொட்டலமும், ஒரு பானையும், ஆளுக்கொரு களைக்கொட்டும் கொடுத்து, நின்ற நிலையிலேயே விவரம் சொன்னாள்.

"நல்லா கேட்டுக்குங்க மாப்ள. கடலு வத்துனதும் எறங்குங்க. மணல்ல ஓட்டை தெரியும், அதுல உப்பு போட்டா தானா வெளிய வரும். கட்டைவெரலவிட சின்னதா இருந்தா தொடாதீங்க, அது குஞ்சு. எந்நேரமும் கடலுக்கு முதுகு காட்டாதீங்க, அது சொல்லாம கொள்ளாம வரும். எடுத்தத கடல்தண்ணியில போட்டு இருட்டுல வைங்க, சத்தம் காட்டாம இருந்தா மண்ணக் கக்கும். வேகவச்சப்புறம் வாயத் தெறக்காதத தூக்கிப் போட்டுடுங்க, அது செத்தது."

இத்தனையையும் ஒரே ஆள் சுமப்பது ஆகாது என்று ஏகாம்பரம் தீர்ப்புச் சொன்னார். அத்தை சொன்னதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடலுக்கு முதுகு காட்டாமல் பார்த்துக்கொள்வது ஏகாம்பரத்தின் பொறுப்பு. உப்பும் மண் கக்குவதும் மருதமுத்துவுக்கு. வாய் திறக்காததைத் தூக்கிப் போடுவது சடையாண்டிக்கு. மிச்சமிருந்த கட்டைவிரல் பூவராகனுக்குப் போனது.

கரைக்குப் போனார்கள். கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணலும், அங்கங்கே குனிந்து தோண்டுகிற சனங்களும்தான். நால்வரும் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ செத்துப்போன வீட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது.

"பங்குனிதான, வத்தத்தான் செய்யும்" என்றார் ஏகாம்பரம். "நம்ம குளம் ஐப்பசியில நெறயும். இது பெருசு. ஐப்பசிக்கும் மேல ஆவும். அவசரமே கெடையாது."

அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஏன் இப்படி அவசரப்படுகிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. கொண்டுவந்த கட்டுச்சோற்றைப் பிரித்து, கடல் இருந்த பக்கம் பார்த்தபடியே சாவகாசமாகச் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டு முடித்துத்தான் மணலில் இறங்கினார்கள்.

முதல் ஓட்டையை மருதமுத்துதான் கண்டுபிடித்தான். ஒரு சிட்டிகை உப்பை அதில் போட்டுவிட்டு மரியாதையாகத் தள்ளி நின்றான். சற்றைக்கெல்லாம் உள்ளே குமிழி விட்டு, நீளமாக ஒரு மட்டி எட்டிப் பார்த்தது. மருதமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. தன் மாமனார்கூடப் பத்துத் தடவை கூப்பிட்டால்தான் வருவார், இது ஒரு சிட்டிகை உப்புக்கு மதிப்புக் கொடுத்து வந்துவிட்டதே என்று இரண்டு கையாலும் அதை ஏந்தி எடுத்தான். வழியில் கஷ்டம் ஒன்றுமில்லையே என்று அதனிடம் விசாரித்தான்.

அப்போதுதான் பெரிய சிக்கல் வந்தது. கட்டைவிரலைவிடச் சின்னதா, பெரியதா என்று பார்க்க வேண்டுமே. சடையாண்டியின் கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் மட்டி சின்னது. ஏகாம்பரத்தின் விரலுக்குச் சரியாக இருந்தது. மருதமுத்துவின் விரலைவிடப் பெரியது. மட்டியை நடுவில் வைத்துவிட்டு நால்வரும் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். மட்டி காலை நீட்டி மணலுக்குள் பாதி போய்விட்டது. மறுபடியும் உப்புப் போட்டு அழைத்தார்கள்.

"அத்தை யார் வெரல்னு சொல்லல" என்றான் சடையாண்டி.

"கட்டைவெரல் யார் பொறுப்பு?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"பூவராகன் பொறுப்பு."

"அப்ப பூவராகன் கட்டைவெரல்தான் சட்டம்."

பூவராகன் பொறுப்பை உணர்ந்தவன். வலது கையை நீட்டி, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டியை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பெரியதுதான் என்றான். அடுத்ததும் பெரியதுதான். அதற்கடுத்து வந்த குஞ்சும் பெரியதுதான். ஒரு கூழாங்கல், உடைந்த சீப்பு, அலையில் ஒதுங்கிய ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் அவன் ஒழுங்காக அளந்தான். எதுவும் தள்ளுபடி ஆகவில்லை. பானை மளமளவென்று நிறைந்தது. இவ்வளவு வளமான கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழிக்குப்பத்துக்காரர்கள் ஏன் ஏழையாக இருக்கிறார்கள் என்று நால்வரும் வருத்தப்பட்டார்கள்.

மற்றவர்கள் கூடையோடு கரையேறிப் போய் வெகுநேரம் கழித்து, இவர்கள் காலில் தண்ணீர் பட்டது. குனிந்து பார்த்தால் கணுக்கால். நிமிர்ந்து பார்த்தால் முழங்கால். ஐப்பசி வந்துவிட்டதா என்று பூவராகன் மாதத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தான். கரையிலிருந்து யாரோ, "திரும்பி ஓடி வாங்கடா" என்று கத்தினார்கள்.

"திரும்பாத" என்றார் ஏகாம்பரம். "அதான் முதுகு காட்டுறது."

பானையைத் தூக்கிக்கொண்டு, முகத்தைக் கடலுக்குக் காட்டியபடி, நால்வரும் பின்பக்கமாகவே நடந்தார்கள். கடலும் விடாமல் கூடவே வந்தது. எப்படியோ இடுப்பு நனைந்ததோடு கரை ஏறினார்கள். கடல் அங்கேயே நின்றுவிட்டது. முதுகு காட்டியிருந்தால் ஊர் வரைக்கும் வந்திருக்கும் என்று ஏகாம்பரம் விளக்கினார். எந்நேரமும் என்றுதான் அத்தை சொன்னார்கள், அதனால் வீடு போய்ச் சேரும்வரை இப்படியே பின்பக்கமாக நடப்பதுதான் முறை என்றும் முடிவானது.

பானையில் கடல்தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். அடுத்து, மட்டியை இருட்டில் வைக்க வேண்டும். உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இருட்டுக்கு எங்கே போவது என்று சடையாண்டி கலங்கினான். கண்ணை மூடினால் இருட்டாகத்தானே இருக்கிறது என்று மருதமுத்து சொன்னான். எல்லோரும் மூடிப் பார்த்தார்கள். நல்ல இருட்டு. சத்தமும் காட்டக் கூடாது. ஆக, கண்ணை மூடிக்கொண்டு, வாய் பேசாமல், பின்பக்கமாக, பானையைக் கழியில் கட்டி நால்வரும் ஊரைப் பார்க்க, அதாவது ஊரைப் பார்க்காமல், நடக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் எப்படி வழி தவறாமல் போனார்கள் என்று நீங்கள் கேட்கலாம். முதலில் ஒரு வைக்கோற்போரிலும், பிறகு ஒரு எருமையிலும் மோதியது உண்மைதான். எருமைக்குச் சொந்தக்காரி சண்டைக்கு வந்தாள். எவ்வளவு திட்டியும் நால்வரும் கண்ணைத் திறக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு உதறல் எடுத்துவிட்டது. உலகத்துக்குப் புறமுதுகிட்டு நடக்கிற சாமியார்கள் ஊருக்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மேளம் வந்துவிட்டது.

மாலை போட்டார்கள். காலில் மஞ்சள்தண்ணீர் ஊற்றினார்கள். பானையில் இருப்பது தீர்த்தம் என்று நினைத்து ஒரு பெரியவர் உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். முகம் எட்டுக் கோணலாகப் போனது. ரொம்பச் சக்தி வாய்ந்தது, சின்னவர்கள் தாங்க மாட்டார்கள் என்று மற்றவர்களைத் தடுத்துவிட்டார். நான்கு சாமியார்களுக்கு ராத்திரிச் சோறு யார் போடுவது என்ற பேச்சு எழுந்ததும் ஊரார் பக்தியோடு அவர்களை அடுத்த ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டார்கள். அந்த ஊரார் அதற்கடுத்த ஊரில் விட்டார்கள். பாதை ஒன்றுதான் என்பதால் இப்படியே கைமாறி மேட்டுப்பொட்டல் வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு நடுவில் மருதமுத்து ஒரு காரியம் செய்துகொண்டே வந்தான். மண் கக்குவது அவன் பொறுப்பல்லவா. அடிக்கடி பானைக்குள் கையை விட்டுத் துழாவுவான். அடியில் மண் சேர்ந்துகொண்டே வந்தது. வாயும் வயிறுமாக இருக்கிற நாகவல்லியைப் போலவே இதுகளும் உண்டதையெல்லாம் வாந்தி எடுக்கின்றனவே, வெறும் வயிற்றோடு எத்தனை தூரம் வரும் என்று தாங்க முடியாமல் போயிற்று. கக்கிய மண்ணை அள்ளி, திறந்திருந்த வாயாக விரலால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பாசத்தோடு ஊட்டிவிட்டான். போதாதோ என்று வழிமண்ணையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டான்.

சாயங்காலம் நாகவல்லி வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் நான்கு முதுகுகள் தெரிந்தன. ஆட்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் போகப் போகப் பெரியதாகிக்கொண்டே வந்தார்கள். வாசலுக்கே வந்து நின்ற பிறகுதான் நடுவில் இருப்பது தன் புருஷன் என்று முதுகை வைத்து அடையாளம் கண்டாள்.

"மட்டி கெடச்சுதா?" என்று கேட்டாள்.

சத்தம் காட்டக் கூடாதே. சடையாண்டி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு காத்திருந்தவள், முகத்தைக் காட்டக்கூட மனசில்லாமல் நிற்கிறாரே என்று ஒரே அழுகையாக உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

நால்வரும் பானையை மாட்டுக்கொட்டிலில் இறக்கினார்கள். அங்கே இருட்டாக இருந்ததால் கண்ணைத் திறக்க அனுமதி கிடைத்தது. ஏகாம்பரம் நாலா பக்கமும் பார்த்தார். கடல் எங்கேயும் இல்லை. இனித் திரும்பலாம் என்றார். சடையாண்டி ஓடிப் போய்க் கதவைத் தட்டினான்.

"காலையிலேர்ந்து கடலுக்கு மூஞ்சி காட்டிட்டு, எனக்கு முதுகு காட்றீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவு திறக்கவில்லை.

சடையாண்டி கதவோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். உள்ளே அவள் பசியோடு கிடக்கிறாள். வெளியே மட்டி இருக்கிறது. நடுவில் ஒரு பலகைக் கதவு. அவன் நண்பர்களைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க மற்றவர்களுக்கும் கஷ்டமாக இருந்தது. ஏகாம்பரம் விசாரணையைத் தொடங்கினார்.

"தெறக்கலன்னா என்ன செய்யணும்னு அத்தை சொன்னாங்க?"

"வேகவச்சும் தெறக்கலன்னா தூக்கிப் போடச் சொன்னாங்க" என்றான் சடையாண்டி. சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னால முடியாதுண்ணே. ஆசையா கட்டிக்கிட்டு வந்தவ."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னாங்களே" என்றான் மருதமுத்து மெதுவாக.

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவில் சாவித் துவாரம் இருந்தது. பூவராகன் போய்த் தன் இல்லாத கட்டைவிரலை அதில் வைத்து அளந்தான். பெரியதுதான், எடுக்கலாம் என்றான். மருதமுத்து மடியிலிருந்து மிச்ச உப்பை எடுத்து, தாராளமாக ஒரு கை, துவாரத்தின் வழியாக ஊதிவிட்டான்.

உள்ளே நாகவல்லி சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு அலறல் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ஒரு கையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இன்னொரு கையில் விளக்குமாற்றோடு அவள் பாய்ந்து வெளியே வந்தாள். நான்கு பேருக்கும் குறைவில்லாமல் விழுந்தது. அடியை வாங்கிக்கொண்டே ஏகாம்பரம் மற்றவர்களைப் பெருமையோடு பார்த்தார்.

"பாத்தீங்களா. அத்தை சொன்னா சொன்னதுதான். தானா வெளிய வந்துடுச்சு."

கண்ணைக் கழுவிக்கொண்ட பிறகு அவள் பானையைப் பார்த்தாள். கோபம் அப்படியே இறங்கிவிட்டது. சடையாண்டியே அடுப்பு மூட்டி மட்டியை வேகவைத்தான். கொதித்ததும் தன் பொறுப்பை நிறைவேற்றினான். கூழாங்கல் வாய் திறக்கவில்லை, தூக்கிப் போட்டான். சீப்பும் திறக்கவில்லை. செருப்புக்கு முன்பக்கம் பிய்ந்து வாய் நன்றாகத் திறந்திருந்ததால் அதைக் குழம்பிலேயே விட்டுவிட்டான். நாகவல்லிதான் பிறகு எடுத்துப் போட்டாள்.

முதல் மட்டியை வாயில் போட்டுக் கடித்தாள். நறநறவென்று சத்தம் தெருவுக்கே கேட்டது. மருதமுத்து ஊட்டிய மண் ஒன்றும் வீணாகவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் சிலருக்கு மண் தின்கிற ஆசை வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இன்னொன்று எடுத்தாள். சோற்றைப் பிசைந்தாள். சட்டியின் அடியில் தங்கிய வண்டலை வழித்து விரலைச் சப்பினாள். வாந்தி வரவே இல்லை. எங்கள் ஊரில்கூட இப்படி ஒரு மட்டி தின்றதில்லை என்றாள். சடையாண்டி அழுத அழுகையில் மருதமுத்துவும் சேர்ந்துகொண்டான்.

அப்புறம் மாதங்கள் போயின. தலைப்பிரசவம் என்பதால் நாகவல்லி தாய்வீட்டுக்குப் போனாள். ஐப்பசியில் வலி எடுத்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னதும் நால்வரும் கிளம்பிவிட்டார்கள். கடலைப் பார்த்து நடக்கிற பயணம் என்பதால் இந்தத் தடவை நேராகவே நடந்தார்கள். கழிக்குப்பத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடல் கரையை முட்டிக்கொண்டு நின்றது. நான் சொன்னேனே, ஐப்பசியில் நிறைந்துவிட்டது பார் என்றார் ஏகாம்பரம்.

வெளிக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து நாகவல்லியின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. சடையாண்டி சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டான். பிள்ளை வர நேரமாகிறது என்று மருத்துவச்சி வந்து சொன்னபோது மருதமுத்துவின் கை மடியில் இருந்த உப்புப் பொட்டலத்துக்குப் போனது. அவன் சாவித் துவாரத்தில் உப்பு ஊதிய கதையை எல்லம்மாள் மகளிடம் கேட்டிருந்தாள். அதைப் பிடுங்கி அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒருவழியாகப் பிள்ளை பிறந்துவிட்டது என்றார்கள். ஆனால் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. வாயைத் திறக்கவில்லை என்று உள்ளே யாரோ பதற்றமாகச் சொன்னார்கள். வாய் திறக்காததைத் தூக்கிப் போடுகிற பொறுப்பு சடையாண்டியுடையது. தூக்கிப் போட மாட்டேன், யார் சொன்னாலும் மாட்டேன் என்று அவன் எழுந்து நின்று யாரிடமோ வாதாடத் தொடங்கினான். மருத்துவச்சி பிள்ளையின் உள்ளங்காலில் சுண்டினாள். அவ்வளவுதான், பிள்ளை வாயைத் திறந்து வீறிட்டது. கடல் சத்தத்தையும் மீறி அது கேட்டது. சடையாண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எல்லம்மாள் துணியில் சுற்றிப் பிள்ளையை வெளியே கொண்டுவந்தாள். பெண் குழந்தை. மருதமுத்து, வழியில் கஷ்டம் ஒன்றுமில்லையே என்று அதனிடம் விசாரித்தான். ஏகாம்பரம் அதன் முகம் கடல் பக்கம் இருக்கும்படி பாட்டியைத் திருப்பி நிறுத்தினார். சடையாண்டி வாங்குவதற்குக் கையை நீட்டினான்.

"இருங்க மாப்ள" என்று பூவராகன் நடுவில் வந்தான்.

அவன் வலது கையை நீட்டி, கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"பெருசுதான்" என்றான். "வச்சிக்கலாம்."